பட்டுப் பாய் பெரிசுதான், படுக்க எது வேணும்?

"பத்தமடைப் பாய்ல எது பெஸ்ட் அண்ணாச்சி?"

திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்குக் கோரைப் பாய் வாங்க வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பது ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்வி கிடக்கிறது. நெய்கிறவரின் கைத்திறன் எந்தப் பாயில் உச்சத்துக்குப் போயிருக்கிறது? உங்களுக்கு எந்தப் பாய் பிடிக்கும்? முதல் கேள்விக்கு விரலால் தடவி, ஸ்கேல் வைத்து எண்ணி, நாலு பேர் உட்கார்ந்து வாதாடி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இரண்டாவதுக்கு உங்கள் முதுகைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் போட்டுக் கலக்குவதால் நெய்கிறவர்களுக்குத்தான் நஷ்டம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். (அல்வாவை யாரும் இங்கே இழுக்க வேண்டாம். அந்த விஷயத்தில் இந்த ஊரில் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை.)

நல்ல வேலை எது என்று தெரிய வேண்டுமானால், அந்த வேலை எங்கெங்கே கெட்டுப்போகும் என்று முதலில் தெரிய வேண்டும். பாய் வேலை தறிக்கு வரும் முன்பே, ஆற்றங்கரையிலேயே கெட ஆரம்பித்துவிடும். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரைக்கு வருஷத்தில் இரண்டு வெட்டு. புரட்டாசி, ஐப்பசியில் ஒன்று, மாசி, பங்குனியில் ஒன்று. பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். முற்றவிட்டு அறுத்த கோரை விறைத்துக்கொள்ளும், கிழிக்கும்போது நேராகக் கிழியாமல் பக்கவாட்டில் ஓடும். அறுத்ததை வெயிலில் பரத்திப் பச்சை போய் மஞ்சள் வரும்வரை காயவைப்பார்கள். காயும்போது ஒரு மழை விழுந்தால் புள்ளி விழுந்துவிடும். அந்தப் புள்ளிக்கு மருந்து கிடையாது. சாயம் போட்டு மறைக்கப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும்.

சாதாப் பாய்க்கு இவ்வளவு போதும். மெல்லிய இழையில் துணி போல வளைய நெய்கிற பட்டுப் பாய்க்கு இதற்கப்புறம்தான் வேலையே தொடங்குகிறது. காய்ந்த கோரையைக் கட்டுக்கட்டாகத் தண்ணீரில் போட்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஊறவைப்பார்கள். ஓடுகிற தண்ணீராக இருக்க வேண்டும், தேங்கின குட்டையில் போட்டால் கோரை கறுத்து நாற்றம் பிடிக்கும். ஊறி உப்பி, மேல்தோல் இளகி வரும் சமயம் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு நாள் முந்தினால் தோல் பிடிவாதமாக நிற்கும். ஒரு நாள் பிந்தினால் நாரே தளர்ந்து, தறியில் ஏறியதும் அறும். எடுத்ததை மறுபடி காயவைத்து, நடுவிலிருக்கும் சோற்றை (பஞ்சு போன்ற உள்பாகத்தை) நீக்கி, மெல்லிய இழைகளாகக் கிழிப்பார்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது கொண்டுவந்த கட்டில் கொஞ்சம்தான்.

சாயம் அடுத்த கண்டம். முன்பு சிவப்புக்குச் சப்பங்கக் கட்டையைக் கொதிக்கவைத்து இறக்குவார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். அதில் தப்பில்லை, காய்ச்சுகிற நேரம் குறைந்தால்தான் வினை. வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்புக் கரையில் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தப் பாய் எத்தனை நம்பராக (நெசவின் நெருக்கத்தைச் சொல்லும் எண்) இருந்தாலும் உச்சம் என்று சொல்ல வேண்டாம்.

தறி தரையோடு தரையாக இருக்கும். நாலு முளை, மூங்கில் கம்பு, அவற்றில் இழுத்துக் கட்டிய பருத்திப் பாவு (நீளவாக்கு நூல்), நூல் கோத்த துளைகளோடு ஓர் அச்சு. மின்சாரம் கிடையாது. கோரை இழை ஒவ்வொன்றையும் குச்சியால் ஊடே நுழைத்து, அச்சால் அடித்துச் சேர்க்க வேண்டும். கோரைக்கு அடி தடிமன், நுனி மெலிவு. அதனால் ஓர் இழைக்கு அடி இடப்பக்கம் வந்தால் அடுத்த இழைக்கு வலப்பக்கம் வர வேண்டும். நாலு இழை மறந்து ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் வேகமாக வளரும், பாய் கோணிக்கொள்ளும். ஈரமும் ஒரு கணக்கு. காய்ந்த இழை மடங்கும் இடத்தில் ஒடியும். ஈரம் கூடின இழை நெய்யும்போது நெருக்கமாகத்தான் உட்காரும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விட்டுவிடும். வாங்கும்போது அடர்த்தியாக இருந்த பாய் வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் சல்லடையாவது இதனால்தான்.

நம்பர் விஷயத்துக்கு வருவோம். நம்பர் ஏற ஏறப் பாவு நெருக்கமாகும், இழையும் அதற்குத் தகுந்தபடி மெலிய வேண்டும். 50க்குக் கீழே உள்ளது புழங்குகிற பாய். 100 முதல் 140 வரை போவதைத்தான் பட்டுப் பாய் என்பார்கள். பட்டில் நெய்வதால் அல்ல, துணி போல வளையும் என்பதால் வந்த பெயர். முந்தையது இரண்டு மூன்று நாள் வேலை என்றால் இது வாரக்கணக்கு, சமயத்தில் மாதக்கணக்கு. நெய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள், பத்தமடை லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதை ஊரில் இன்றும் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

ஆனால் நம்பரை மட்டும் பார்த்து "140தான் பெஸ்ட்" என்று முடிப்பது, பரீட்சைப் பேப்பரில் மார்க்கை மட்டும் பார்ப்பது மாதிரி. என் கணக்கு வேறு. ஸ்கேலை எடுத்துப் பாயின் தலைமாட்டில் ஓர் அங்குலம் வைத்துக் குறுக்கு இழைகளை எண்ணுங்கள். நடுவில் ஒருமுறை, கால்மாட்டில் ஒருமுறை. மூன்றும் ஒத்துவந்தால் கை தளரவில்லை என்று அர்த்தம். அலுப்பு தட்டுகிற கடைசி இரண்டு அடியில்தான் பெரும்பாலும் எண்ணிக்கை விழும். அடுத்து பாயைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் முடிச்சும் ஒட்டும் துருத்தாமல் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும். பிறகு நீளவாக்கில் இரண்டாக மடித்து ஓரத்தோடு ஓரம் சேருகிறதா பாருங்கள். சேராவிட்டால் பாவின் இழுப்பில் ஏற்றத்தாழ்வு. இந்த மூன்றிலும் தேறிய 80 நம்பர் பாய், ஓரம் அலைபாயும் 120 நம்பரைவிட உயர்ந்த வேலை என்று நான் அடித்துச் சொல்வேன். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கல்யாணப் பாய் இன்னொரு சோதனை. மாப்பிள்ளை, பெண் பெயர் நெய்வார்கள் இல்லையா, அங்கே கவனியுங்கள். தறியில் எல்லாமே கட்டம் கட்டமாகத்தான் வரும். ட, ப, ம மூன்றும் கட்டத்துக்கென்றே பிறந்த எழுத்துகள், எந்தக் கைக்கும் வந்துவிடும். இ, ஞ, ழ மூன்றும் வளைவு. நம்பர் குறைந்த பாயில் அந்த வளைவு மாடிப்படி மாதிரி தெரியும். நெருக்கமான பாவில் கெட்டிக்காரக் கை மட்டும்தான் அதை வளைவு என்று கண்ணை நம்பவைக்கும். ஒரு நெசவாளியின் சிறந்த வேலையைத் தேடுகிறவர்கள் 'பாப்பம்மா' என்று நெய்த பாயைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'இளஞ்செழியன்' என்று நெய்த பாயைக் காட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் முதல் கேள்விக்கு.

இரண்டாவதற்கு என் பதில் வெட்கமில்லாமல் 50க்குக் கீழே உள்ள சாதாப் பாய்தான். முழுக்கோரையைச் சோறு நீக்காமல், கிழிக்காமல் நெய்வதால் தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே காற்று போகும். சித்திரை வெயிலில் முதுகு ஒட்டாது. புதுப்பாயின் பச்சை வாடை ஒரு மாதம் அறையில் நிற்கும். காலையில் கன்னத்தில் வரி வரியாக விழும் அச்சும் பிடிக்கும், அதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. பட்டுப் பாயில் இது ஒன்றும் நடக்காது. வழவழவென்று இருக்கும், புரண்டால் நழுவும், தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தால் பதற வேண்டும். அதை நெய்கிற லாத்தாக்கள் (அக்காமார்) வீட்டிலேயே பிள்ளைகள் படுப்பது சாதாப் பாயில்தான், இப்போது பாதி வீடுகளில் பிளாஸ்டிக் பாயில். பிளாஸ்டிக்கை யாரும் யாருடைய கைத்திறன் என்றும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதைக் கழுவிக் காயப்போட முடியும், அந்த வீட்டுக்கு அது பிடித்தமானது. சண்டைக்கு என்ன இருக்கிறது?

இதே இரண்டு கேள்வி இசையிலும் உண்டு. பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி, நாகஸ்வர வித்வான் அருணாசலத்தின் ஊர். அருணாசலம் பேரைச் சொன்னதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'சிங்கார வேலனே தேவா' என்பார்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை', ஆபேரி ராகம், ஜானகி குரலும் நாகஸ்வரமும் மாறி மாறிப் போகும். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்காமல் இலை போட்டதில்லை. எல்லாருக்கும் பிடித்தது, எனக்கும்தான். ஆனால் அவருடைய உச்சம் அதுதானா என்று கேட்டால் அங்கே நான் நின்றுவிடுவேன். அந்தப் பாட்டுக்கு மெட்டு எஸ். எம். சுப்பையா நாயுடு போட்டது. எத்தனை ஆவர்த்தனம், எங்கே குரலுக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் சினிமா முடிவு செய்தது. நாகஸ்வரக்காரர் தன் போக்கில் எங்கே போவார், எவ்வளவு நேரம் தாங்குவார் என்று அதில் தெரிய வழியில்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்ற கை அது. அந்த வழியில் அளவுகோல் ராக ஆலாபனை. ஏழு விரல் துளையை வைத்துக்கொண்டு, பாதி மூடியும் கால் திறந்தும், உதட்டழுத்தத்தால் சுரத்தை நூல் பிசகாமல் ஏற்றி இறக்கி, மூச்சு விட்ட இடம் தெரியாமல் அரை மணி, முக்கால் மணி கொண்டுபோக வேண்டும். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம், அதில் இது அடங்காது. கச்சேரியில் பதிவு செய்த நீண்ட ஆலாபனைகளில்தான் தேட வேண்டும்.

அங்கேயும் ஒரு புல்தான் விளையாடுகிறது, கவனித்தீர்களா? நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி நாணல் தட்டையில் செய்வது. ஈரம் குறைந்தால் பேசாது, கூடினால் சுருதி இறங்கும். அதனால்தான் நாகஸ்வரத்தில் மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்கும். பாய்க்காரருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் பாதி வாழ்க்கை புல்லின் ஈரத்தைப் பார்த்தே போகிறது. வேலையில் எது கஷ்டம் என்று இதெல்லாம் சொல்லிக்கொடுக்கும். கஷ்டமானது எல்லாம் நமக்குப் பிடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கலக்கினால் என்ன நஷ்டம் என்று சொன்னேன் அல்லவா. ஒரு கூட்டம் "படுக்க முடியாத பாய் என்ன பாய், இதுக்கா இவ்வளவு விலை?" என்று பட்டுப் பாயைப் பேரம் பேசுகிறது. தனக்குப் பிடிக்காததை மட்டமான வேலை என்று முடிவு கட்டிவிட்டார்கள், ஒன்றரை மாத உழைப்பு இரண்டு வாரக் கூலிக்கு வந்து நிற்கும். இன்னொரு கூட்டம் பரிசு கொடுக்க, சுவரில் மாட்ட, அமைச்சர் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்க என்று 120, 140 மட்டுமே கேட்கிறது. சாதாப் பாய் கேவலமாம். அப்படியானால் தினமும் அடுப்பெரிய நெய்வது எதை? புதிதாகப் பழகுகிற பெண் முதல் ஆறு மாதம் கை பழகுவது சாதாப் பாயில்தான். அதற்கு வாங்க ஆள் இல்லையென்றால் அடுத்த தலைமுறை நேரே 100 நம்பரில் உட்கார முடியாது. இரண்டாவது கூட்டம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் கட்சி, ஏனென்றால் அவர்கள் பாராட்டிக்கொண்டே செய்கிறார்கள்.

நெய்கிறவருக்கே பிடித்தது என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கோரை நல்லபடி அமைந்து, பாவு ஒரு தடவைகூட அறாமல், காசு சொன்ன தேதிக்கு வந்த பாயாக இருக்கும். அவரிடம் "உங்க மாஸ்டர்பீஸ் எது?" என்று கேட்டு அவர் அதைக் காட்டினால் குழம்ப வேண்டாம்.

வாங்குகிறவர்கள் கடையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: படுக்கவா, பார்க்கவா. படுக்க என்றால் 50க்குக் கீழே, உங்கள் உயரத்தைவிட அரை அடி கூடுதல் நீளம். அகலத்துக்கு ரொம்ப ஆசைப்பட வேண்டாம், கோரையின் உயரம்தான் அகலம், அதற்கு மேல் போனால் நடுவில் ஒட்டு விழும். பார்க்க என்றால் மேலே சொன்ன ஸ்கேல் சோதனை, துணிச் சோதனை, மடிப்புச் சோதனை மூன்றும். எதுவானாலும் சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் வைத்தால் இழை அந்த வரியில் ஒடியும். கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பூக்கும், வாரம் ஒருமுறை விரித்துக் காற்றாட விடுங்கள், சாயப் பாய் என்றால் நிழலில்.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் அடைமழையில் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்குக் கேட்காதீர்கள். மாசி வெட்டு காய்ந்து கைக்கு வந்தபின், சித்திரையில் சொல்லுங்கள். கல்யாணம் ஆவணி என்றால் அது சரியாக இருக்கும். பெயரில் ழ இருந்தால் இன்னும் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.