நியோவை மட்டம் தட்டும் முன் அதை ஒரு வளைவில் ஓட்டிப் பாருங்கள்

நம்ம சுங்கை சிப்புட் கார் பிரியர்கள் குழுவில் சுற்றிய அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தம்பியின் புரோட்டான் சத்ரியா நியோ சிபிஎஸ்ஸை, அதற்கு முந்தைய தலைமுறை சத்ரியாவின் வேக ரகமான ஒரு பழைய ஜிடிஐ முந்திப் போகிறது. உடனே "பழசு பழசுதான், நியோ வெறும் டப்பா" என்று வரிசையாகக் கருத்துகள். மனசு கேட்கவில்லை.

நேர் ரோட்டில் ஜிடிஐ முந்தும். யாரும் மறுக்கவில்லை. அதில் 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜின், 138 குதிரைத்திறன். 2009-இல் வந்த நியோ சிபிஎஸ்ஸில் 1.6 லிட்டர், 125 குதிரைத்திறன், எடையும் கூடுதல். ஆனால் லிந்தாங் பக்கம், செம்பனை லோரி ஓடி ஓடி மேடு பள்ளமாகிப் போன வளைவில் இரண்டையும் திருப்பிப் பாருங்கள். நியோவின் பாடி இறுக்கம். பாதி வளைவில் குழி வந்தாலும் பின்பக்கம் ஒதுங்காது. வளைவில் நியோதான் முன்னேற்றம்.

"நியோவில் இருக்கும் புரோட்டானின் கேம்ப்ரோ இன்ஜின் இழுக்காது" என்பீர்கள். 2006-இல் வந்த முதல் நியோவில் 2,500-க்கும் 3,500-க்கும் இடையில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) ஏறும்போது இழுவை விழும், உண்மை. சிபிஎஸ் வகை கேம்ப்ரோவில் ஆர்பிஎம்முக்குத் தகுந்தபடி வால்வைத் திறக்கும் கேம் மாறுகிறது, காற்று உள்ளே போகும் இன்டேக் பாதையின் நீளமும் மாறுகிறது. அந்த இழுவைப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. பழைய இன்ஜினின் குறையை ஏன் இதன் தலையில் கட்டுகிறீர்கள்? கேம் மாறுவது ஆயில் அழுத்தத்தால். மேல் ஆர்பிஎம்மில் உயிர் வரவில்லையென்றால் முதலில் ஆயில் அளவு, பிறகு அந்த ஆயிலைத் திறந்துவிடும் சோலனாய்ட் வால்வு பாருங்கள். ஆயில் கூலர் ஹோஸ் இறுகி ஒழுகும். அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஜிடிஐ இன்ஜின் சாமான் ஹாஃப்கட் கடையில் (வெளிநாட்டுப் பழைய கார்களை வெட்டிக் கொண்டுவந்து சாமான் விற்கும் கடை) கிடைக்கும் என்பது சரி. அதற்குமேல் வாதாட மாட்டேன்.

ஆனால் காணொளியை நம்பி ஜிடிஐ தேடும் தம்பிகளே, பாடிகிட் மாட்டிய சாதாரண சத்ரியாவை ஜிடிஐ என்று விற்பவர்கள் உண்டு. இன்ஜின் பிளாக்கில் 4ஜி93 என்று இருக்கிறதா, இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கிராண்டோடு (கார் பதிவுப் பத்திரம்) ஒத்துப்போகின்றனவா, பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கா, எல்லாம் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் உடனே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும்.

"சும்மா விளையாட்டுக்குப் போட்டோம், அண்ணே" என்கிறீர்கள். அந்தத் தம்பி சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய முதல் கார் அது. கார்கள் ஓடிய இடமும் பள்ளிப் பிள்ளைகள் மோட்டாரில் போகும் பொது ரோடு. அந்தக் காணொளியை யார் போட்டீர்களோ, தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.