களிம்புதானே!

ஒரு கிராமை லட்சம் கோடி துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் பிகோகிராம். அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் 2021-இல் முதலாவதாக வந்த குதிரை மெடினா ஸ்பிரிட். அதன் ஒரு மில்லி ரத்தத்தில் இருந்த பீட்டாமெத்தசோன் என்ற மருந்து அப்படி 21 துண்டு. "இத்துனூண்டு மருந்து குதிரையை ஜெயிக்க வைக்குமா?" என்று ரேஸ் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுகிறார்கள். வைக்காது. ஆனால் கேள்வியே தப்பு.

அது வேகத்தைக் கூட்டும் சரக்கு இல்லை, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. லாயங்களில் மூட்டில் ஊசியாகப் போடுவது சகஜம். பந்தய நாளில் மட்டும் ரத்தத்தில் இருக்கக் கூடாது. சுமார் 500 கிலோ உடம்பு, கீழே குச்சி மாதிரி நாலு கால். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் குதிரை லேசாக நொண்டும், தொட்டால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். பந்தயத்துக்கு முன்னால் வரும் கால்நடை மருத்துவரும் அந்த நொண்டலைத்தான் தேடுகிறார். மருந்து அதை மறைத்துவிட்டால், உடைந்து விழப்போவது குதிரை மட்டுமல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் ஜாக்கியும்தான்.

மெடினா ஸ்பிரிட்டின் பயிற்சியாளர் பாப் பாஃபெர்ட் முதலில் அந்த மருந்தைக் கொடுக்கவே இல்லை என்றார். இருமல் மருந்து குடித்தவர் வைக்கோலில் சிறுநீர் கழிக்க, அதைத் தின்ற குதிரை சோதனையில் மாட்டிய கதையெல்லாம் பேட்டியில் வந்தது. இரண்டே நாளில் பேச்சு மாறியது: தோல் நோய்க்கு ஓட்டோமேக்ஸ் களிம்பு தடவினோம், அதில் அது இருக்கிறதாம்! பின்னால் நடந்த சோதனையிலும் களிம்பில் இருக்கும் வகைதான், ஊசி மருந்து இல்லை என்று வந்தது. சரி, நம்புகிறேன். ஆனால் அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் அவருடைய இன்னொரு குதிரை கமீன், கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தில் இதே மருந்தில் சிக்கி மூன்றாம் இடத்தை இழந்தது. சூடு கண்ட பூனை அல்லவா? லாயத்தில் கிடக்கும் ஒவ்வொரு டியூபையும் திருப்பிப் படித்திருக்க வேண்டாமா?

2022 பிப்ரவரியில் மெடினா ஸ்பிரிட்டின் வெற்றி ரத்தாகி, இரண்டாவதாக வந்த மண்டலூனுக்குப் போனது. மண்டலூன் மேல் பணம் கட்டியவர்களுக்குச் சல்லிக்காசு வரவில்லை. பட்டுவாடா அன்றைக்கே முடிந்துவிட்டதே.

மெடினா ஸ்பிரிட் அப்போது உயிரோடு இல்லை. 2021 டிசம்பர் 6, கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடா பந்தயத் திடலில் பயிற்சி ஓட்டம் முடிந்த கையோடு விழுந்து செத்தது. உடற்கூறாய்விலும் காரணம் உறுதியாகவில்லை, மருந்தின் மேல் பழி போட முடியாது. குட்டியாக இருந்தபோது 1,000 டாலருக்கு விலைபோன குதிரை. சாகும்போது வயது மூன்று.