வார்த்தையைக் கொன்றது நானாம்

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்குப் பிறகு வந்த அந்தக் கமென்ட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு மோட்டெட்டை, அதாவது பல குரல் சேர்ந்து பாடும் பக்திப் பாட்டை, பாடகர் இல்லாமல் தந்தி வாத்தியங்களுக்கு மாற்றி வாசித்தோம். அதிலிருந்து வார்த்தையை உருவிவிட்டு, மிச்சத்தைக் கல்யாண ரிசப்ஷன் மியூசிக் ஆக்கிவிட்டேனாம். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

வார்த்தையை நான் எடுக்கவில்லை. வில்லில் வைத்தேன்.

அந்த மோட்டெட், 'யேசு, மைனெ ஃப்ராய்டெ' ('இயேசுவே, என் மகிழ்ச்சியே'), ஐந்து குரலுக்கு எழுதியது. மேலிருந்து கீழாக, இரண்டு சொப்ரானோக் குரலும் வயலின்களுக்கு, ஆல்டோ வயோலாவுக்கு, டெனரும் பாஸும் இரண்டாகப் பிரித்த செல்லோவுக்கு. இது ஒரு மத்தியான வேலை. மீதி மூன்று மாதமும் எந்த அசையில் வில் திரும்ப வேண்டும் என்று பார்ப்பதிலேயே போனது. ஒரே அசை பத்து ஸ்வரத்துக்கு நீண்டால் ஒரே வில்; அடுத்த அசைக்குத்தான் அடுத்த வில். வீணையில் சாகித்ய எழுத்தைப் பார்த்து மீட்டுகிறார்களே, அதே கணக்கு. அங்கே போய் 'வார்த்தை எங்கே' என்று கேட்பீர்களா?

பாட்டின் இரண்டாம் பகுதிக்கு வார்த்தை ரோமர் 8:1. நம் பைபிளில் 'ஆக்கினைத்தீர்ப்பில்லை' என்று 'இல்லை' கடைசியில் வரும். ஜெர்மனில் அது முன்னாலேயே வந்துவிடும்: 'நிஷ்ட்ஸ்'. பாக் அதைச் சொல்லி நிறுத்துவார். மௌனம். மறுபடி 'நிஷ்ட்ஸ்'. ஒத்திகையில் எங்கள் ஆட்கள் அந்த மௌனத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லார் தாளிலும் அந்தச் சொல்லைப் பென்சிலால் எழுதினேன். கடைசி வரிசை செல்லோக்காரர் வாய்க்குள் முணுமுணுத்தபடியே வாசித்தார். வில் கம்பியைக் கடித்து விட்டது. அந்த 'ட்ஸ்' எனக்குக் கேட்டது.

செல்லோவுக்கும் கீழே ஒலிக்கும் டபுள் பாஸ் கனத்துவிட்டது என்றார்கள். சரி, கனத்தது.

'பாக் ஒப்புக்கொள்வாரா?' என்றும் ஒரு கேள்வி வரும். 1729இல் லைப்சிக் பள்ளித் தலைமையாசிரியர் எர்னெஸ்டியின் இறுதிச் சடங்குக்கு அவர் எழுதிய வேறொரு மோட்டெட்டில், இரண்டு பாடகர் குழுக்களில் முதல் குழுவின் குரல்களோடு சேர்ந்து வாசிக்கத் தந்தி வாத்தியங்களுக்கும் தாள் இருக்கிறது. 'அங்கே பாடவும் செய்தார்களே' என்பீர்கள். பாடினார்கள்தான். வயலின்காரர் வாயைத் திறக்கவில்லையே, அவர் வாசித்ததும் ரிசப்ஷன் மியூசிக்கா?

அப்புறம் ஒன்று. பாடியே இருந்தாலும் அந்த ஜெர்மன் உங்களுக்குப் புரிந்திருக்குமா? எனக்கே அகராதி வேண்டியிருந்தது. ஞாயிறு சாயங்காலம் மேடைக்குப் பின்னால் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, 'கண் கலங்கிவிட்டது' என்று சொன்னவரும் நீங்கள்தானே சார்?