உலையில் போடுமுன் எடுத்த அரிசி

நேற்று மாலை ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது இந்த வருட கிறிஸ்துமஸ் செலவைப் பற்றிப் பேச்சு வந்தது. விளக்குச் சரம் எவ்வளவு, மேடை எவ்வளவு பெரிது, அசனம் என்கிற ஊர் விருந்துக்கு எத்தனை ஆடு என்று பேசிக்கொண்டே போனார்கள். நடுவில் ஒருவர், "அந்த வெள்ள வருடம் மாதிரி மறுபடியும் வெறிச்சென்று போய்விடக் கூடாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. எங்கள் கோவிலில் மனம் நிறைந்து நான் எழுந்து வந்த கிறிஸ்துமஸ் அதுதான். அங்கே நின்று பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். முந்தின இரவு பிடித்த மழை விடவே இல்லை. காலை ஆராதனைக்கு இருபது பேர்கூட வரவில்லை. உபதேசியார் மணி அடித்த சத்தமே மழையில் அமுங்கிப் போனது. அன்றும் மறுநாளும் கொட்டிய மழையின் கணக்கு பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது அதிகம். மேலே அணைகள் நிரம்பித் திறக்கப்பட, தாமிரபரணியில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் புகுந்தது.

எங்கள் ஊர் உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிறது. செம்மண் தேரி எவ்வளவு தண்ணீர் வந்தாலும் குடித்துவிடும். சில ஓலைச் சாய்ப்புகள் விழுந்தன, பழைய சுவர்கள் இரண்டு சாய்ந்தன, மின்சாரம் போனது, போன் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். ஆற்றங்கரையில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறோம். திங்கட்கிழமை சாயங்காலம், நாசரேத் பக்கம் போய்விட்டுப் பாதி வழி நடந்தும் பாதி வழி டிராக்டரிலுமாகத் திரும்பிவந்த ஒரு தம்பி சொல்லித்தான் தெரிந்தது. ஏரல், ஆத்தூர், முக்காணிப் பக்கமெல்லாம் ஜனங்கள் மொட்டை மாடியில் நிற்கிறார்கள் என்று சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அவன் அக்காளைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கத்தில்தான்.

அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சபைக் கமிட்டி கூடியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். பணம் வசூலாகி இருந்தது. பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஆட்டுக்கும் சொல்லியாயிற்று. "பண்டிகையை முடித்துவிட்டு மிச்சம் இருப்பதைக் கொடுக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆலயக் கூரைக்குத் தன் தோட்டத்தையே அடகு வைத்தவர். ஆனால் அந்த "மிச்சம்" என்ற சொல் எனக்குத் தாங்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து கைப்பிடி அரிசியைப் பற்றிப் பேசினேன்.

வெளியூர் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் அடுப்படியில் ஒரு சின்னப் பானை தனியாக இருக்கும். உலைக்கு அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் பானையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். என் ஆச்சி இதில் கண்டிப்பு. சோறு வடித்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் விட்டதில்லை. அளந்த அரிசியே குறைவாக இருக்கும் நாளிலும் முதல் பிடி பானைக்குத்தான். அன்றைக்கு யாராவது ஒருவர் அரை வயிற்றோடு எழுந்திருப்பார், பெரும்பாலும் ஆச்சிதான். பனையேறிப் பிழைத்த ஜனங்கள் இப்படி அரிசியும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்துத்தான், 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தைத் தாங்கினார்கள். தெலுங்கு நாட்டு டோர்னக்கல் வரைக்கும் ஊழியரை அனுப்பினார்கள். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால், 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், இதே ஜனங்கள் கஞ்சிக்குக் கை ஏந்தி நின்றவர்கள். கடல் கடந்து யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த காசில் பிழைத்த குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. வாங்கிய கைக்குத்தான் கொடுக்கத் தெரிந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது அந்தப் பானை பல வீடுகளில் இல்லை. கவருக்குள் ஐம்பது ரூபாய் போடுகிறோம். போட்டது நமக்கே தெரிவதில்லை.

அன்று இரவு நான் கேட்டது ஒன்றுதான்: முதல் பிடியை எடுப்போம், பண்டிகை மிச்சத்தில் நடக்கட்டும். அரை மணி நேரம் சத்தமாகத்தான் பேசினோம். "முதலில் நம் விசுவாச வீட்டார் யார் யார் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போமே" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதுவரை பேசாமல் இருந்த ஐயரவாள், அதாவது எங்கள் சபைப் போதகர், அப்போதுதான் வாய் திறந்தார். "வெள்ளம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தா வீட்டுக்குள் போனது?" என்றார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆடு வேண்டாம், பந்தல் வேண்டாம், பாடகர் குழுவின் புதுச் சீருடை வேண்டாம் என்று முடிவாயிற்று. பந்தல்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததோடு, தன் பங்காக இரண்டு தார்ப்பாயும் கொடுத்தார். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல.

அரிசி வந்து குவிந்தது. குவிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அடுப்பே தண்ணீருக்குள் கிடக்கிற வீட்டுக்கு அரிசியை அனுப்பி என்ன செய்வது? விறகு நனைந்து கிடக்கும், காஸ் சிலிண்டர் எங்கே மிதக்கிறதோ. ஆகவே அசன விருந்துக்கு வைத்திருக்கும் கிடாரங்களையும் அண்டாக்களையும் இறக்கினோம். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்க வேண்டிய கிடாரத்தில் புளிச்சோறு கிண்டினோம். ஒருநாள் தாங்கும் என்பதால் புளிச்சோறு. செவ்வாய்க்கிழமை விடியுமுன் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினோம். ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. வாழை இலை கிடைக்கவில்லை, தாளில் மடித்தோம்.

மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு முறைக்குச் சித்தப்பா ஒருவர் தலையில் ஓலைப்பெட்டியோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், இன்னும் பனையேறுகிறவர். பெட்டி நிறையக் கருப்பட்டி. இறக்கி வைத்துவிட்டுப் போய் இன்னொரு பெட்டியும் கொண்டுவந்தார். கருப்பட்டித் தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கோடையில் பதநீர் காய்ச்சும்போது கருப்பட்டிக்கு விலை இருக்காது. கையில் கொஞ்சம் தெம்பு உள்ளவர் மட்டும் அதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி, புகை படவிட்டு, கசியாமல் காப்பாற்றி, மழைக்காலத்தில் விலை ஏறும்போது விற்பார். அடுத்த பதநீர் வரைக்கும் அந்த வீட்டுக்கு அதுதான் சாப்பாடு, மருந்து, வட்டி எல்லாம். சித்தப்பா இறக்கியது அந்தப் பரணைத்தான். "சித்தப்பா, ஒரு பெட்டி போதும்" என்றேன். "அடுப்பு இல்லாதவன் கடித்துத் தின்பான். ஒரு துண்டு தின்றால் கொஞ்ச நேரம் தாங்கும். நனைந்துவிடாமல் கட்டிக் கொண்டுபோங்கள்" என்று சொன்னார். நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கணக்கு எழுதுகிற பையன் பெயர் கேட்டபோது, "கருப்பட்டி இரண்டு பெட்டி என்று எழுது, போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பொட்டலத்தோடு ஆளுக்கு ஒரு சில்லு கருப்பட்டி வைத்தோம்.

பொட்டலத்துக்குள் சுவிசேஷக் கைப்பிரதியும் வைக்கலாம் என்று வாலிபர் ஒருவர் ஆசையோடு கேட்டார். நான் கூடாது என்று சொன்னேன். ஐயரவாளும் அதையே சொன்னார். பசித்தவர் கையில் சோற்றையும் தாளையும் சேர்த்துக் கொடுத்தால் சோறு கூலியாகிவிடும். வண்டியில் சபையின் பெயரை எழுதிய பேனரும் கட்டவில்லை. அந்த வாரம் அந்தச் சாலையில் போன எத்தனையோ வண்டிகளின் முன்னால் முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. சோறு வாங்கின அம்மாவைப் பொட்டலத்தோடு நிறுத்தி இரண்டு தடவை படம் எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த முகத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டு கேமராவைக் கீழே வையுங்கள்.

ஏரலுக்கு இந்தப் பக்கம் ஒரு தெருவில் இறங்கினோம். முழங்காலுக்குச் சேறு. ஒரு வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு சாமி படங்கள் மாட்டியிருந்த ஆணிக்கு மேலே இருந்தது. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்து அந்த வருடம்தான் எல்லோரும் பெருமைப்பட்டார்கள். ஆற்றங்கரைக் கொடிக்கால்களில் அகத்தியோடு சேர்ந்து கொடியும் படுத்துக் கிடந்தது. குலை தள்ளிய வாழைகள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. ஒரு வாழைத் தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினோம். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை.

அந்தத் தெருவில் ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, கூச்சத்தோடு, உள்பாவாடை இருக்கிறதா என்று கேட்டார். மூன்று நாளாக அதே ஈரத்துணி. நல்லவேளையாக எங்கள் சங்கத்துப் பெண்கள் அதை முன்பே யோசித்திருந்தார்கள். பாவாடை, நைட்டி, நாப்கின், எல்லாம் புதிது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வைத்திருந்த காசில் வாங்கியவை. சாலை ஓரத்தில் வேறு யாரோ கொண்டுவந்து கொட்டிய பழந்துணி மலை போல நனைந்து கிடந்தது. பொத்தான் இல்லாத சட்டை, கிழிந்த சேலை. தன் வீட்டு அலமாரியைக் காலி செய்கிறவர் அதைத் தானம் என்று சொல்லக் கூடாது. எனக்கு அதைப் பார்க்கையில் கோபம்தான் வந்தது, இப்போதும் வருகிறது.

இரண்டாவது பொட்டலம் கொடுத்தபோது அதே பெண் வாங்க மறுத்துவிட்டார். "கடைசித் தெருவுக்கு யாருமே போகவில்லை, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள் அக்கா" என்றார். வீடு போன அந்தப் பெண்ணும் முதல் பிடியை எடுத்துத்தான் வைத்தார். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சிக்கிக்கொண்ட சுமார் 800 பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். அவர்களைச் சுற்றியும் தண்ணீர்தான். தியாகத்தோடு கொடுப்பது சபைக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று யாராவது பிரசங்கம் செய்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நமக்கு அந்தப் பாடம் வாரா வாரம் வாசிக்கப்படுகிறது, ஆகவே நமக்குப் பொறுப்புக் கூடுதல். அவ்வளவுதான்.

25ஆம் தேதி, திங்கட்கிழமை, அதிகாலை ஆராதனை. விளக்குச் சரம் இல்லை. பீடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. பிள்ளைகள் போன வருட உடுப்பில் வந்திருந்தார்கள். என் மகள் முந்தின இரவு அதற்காக அழுதாள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய இழப்புத்தான். ஆனால் அவள் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்கித் தைத்துக் கொடுத்தபோது, "அந்த அக்காவுக்கு என்னுடைய காசில்தானே நைட்டி வாங்கினீர்கள்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அழவில்லை. ஆராதனை முடிந்து அசனத்துக்குப் பதில் ஆளுக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. கையில் டம்ளரோடு கோவில் முற்றத்தில் வெகுநேரம் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் இல்லை. இதைத்தான் ஒருவர் "வெறிச்சென்று" என்று சொல்கிறார்.

அசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கும் பிடித்தமானது. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுங்கள், நட்சத்திரமும் கட்டுங்கள். ஆனால் அடுத்த வெள்ளம் எங்கே எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டுத்தான் முதல் பிடியை எடுக்க வேண்டுமா? அது கையில் பழகி இருக்க வேண்டாமா? நாங்கள் அன்று கொடுத்தது பெரிய தொகை அல்ல. பெரிய பெரிய சபைகளும் சங்கங்களும் கொடுத்ததில் ஒரு மூலைக்குக் காணாது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று குறைந்தது என்பது மட்டும்தான் எங்களால் சொல்ல முடிந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. வீட்டுக்கு ஒரு மண்பானை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். நல்ல பானையாகப் பார்த்து விலையும் விசாரித்து வைத்துவிட்டேன். அரிசி வாரா வாரம் கோவிலுக்கு வரட்டும். பாதி எப்போதும் போல ஊழியத்துக்கு, மறுபாதி தனிக் கணக்கில், வெள்ளத்துக்கும் புயலுக்கும் என்று. சபை நண்பர்கள் இதை வாசித்தால், அன்று எனக்கு ஆதரவாகக் கை தூக்குங்கள். சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.