பெரியம்மாவும் ஈரத்துணியும்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்டு, கல்பாக்கம் அணுமின் நிலையத்துல லீக்காம், எல்லாரும் ஜன்னலை சாத்திக்கோங்கன்னு. அனுப்புனது வேளச்சேரி பெரியம்மா. அனுப்புறதுக்கு முன்னாடியே அவங்க வீட்டு ஜன்னல் சந்துல எல்லாம் ஈரத்துணி திணிச்சாச்சு, ஃபேனும் ஆஃப், பெரியப்பா வேர்த்து ஊத்திட்டு உக்காந்திருக்கார்.

கல்பாக்கத்துலயே வேலை பார்த்து ரிட்டையர் ஆன மாமாவும் அந்த குரூப்லதான். "வதந்தி. நூறு சதவீதம் சேஃப்"னு போட்டார். உடனே பெரியம்மா, "நீ அப்படித்தான்டா சொல்லுவ, பென்ஷன் குடுக்கறது அவங்கதானே".

ஃபார்வர்டு டுபாக்கூர்தான். ஆனா பெரியம்மா நம்பலைங்கறதுக்கு சிரிக்க முடியல. 2019 அக்டோபர்ல கூடங்குளம் கம்ப்யூட்டர்ல வைரஸ்னு பேச்சு கிளம்புச்சே, 29ஆம் தேதி பிளான்ட் தரப்புல சைபர் அட்டாக்குக்கு வாய்ப்பே இல்லன்னு அறிக்கை விட்டாங்க, மறுநாளே அத நடத்துற அரசு கம்பெனி என்பிசிஐஎல், ஆமா மால்வேர் இருந்தது உண்மைதான், ஆனா அது நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்ல இருந்த பிசி, கன்ட்ரோல் சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகலன்னாங்க. இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இனி அவங்க நிஜமாவே ஒண்ணுமில்லன்னு சொன்னாலும் நாளைக்கு என்ன சொல்லுவீங்கன்னுதான் கேக்கத் தோணும்.

நான் அணுமின்சாரத்துக்கு எதிரி கிடையாது, 2012ல சென்னைல 2 மணி நேர கரண்ட் கட்டுக்கே நாம போட்ட கூச்சல் ஞாபகம் இருக்கு (வெளியூர்க்காரங்க இத படிச்சா அடிக்க வருவாங்க, அவங்களுக்கு பாதி நாள் கரண்டே இல்ல). ஆனா அதே சமயத்துல கூடங்குளம் வேணாம்னு இடிந்தகரைல போராட்டத்துல உக்காந்திருந்தவங்க கேட்டது ரொம்ப சிம்பிள், சுடுதண்ணிய கடல்ல விட்டா மீனு என்னாகும், கழிவ எங்க வைப்பீங்க. அதுக்கு உக்காந்து பதில் சொல்றத விட்டுட்டு வெளிநாட்டுக் காசுன்னாங்க, ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு. ஃபுகுஷிமாவ டிவில லைவா பார்த்த ஜனங்கய்யா அவங்க.

நேத்து மாமாவ பார்க்கப் போனேன். 2004 சுனாமி அன்னிக்கு கடல் தண்ணி பம்ப் ஹவுசுக்குள்ள பூந்தது, ஓடிட்டிருந்த ரெண்டாவது யூனிட்ட பத்திரமா நிறுத்துனது, இன்னொரு பக்கம் டவுன்ஷிப்லயே சாவு விழுந்ததுன்னு ஒரு மணி நேரம் சொன்னார், காபி ஆறி ஆடையே படிஞ்சிருச்சு. இத அப்படியே குரூப்ல போடுங்க மாமா, பெரியம்மா உங்கள நம்புவாங்கன்னேன்.

"அதெல்லாம் எதுக்குடா, பயந்துருவாங்க"ன்னார்.