குறைவாகப் பறந்த விமானம் என்று மயங்காதீர்கள்

விஜய் மல்லையாவின் ஏர்பஸ் ஏ319 நினைவிருக்கிறதா? படுக்கையறை, குளியலறை எல்லாம் வைத்தது. சேவை வரி பாக்கிக்காக 2013 இறுதியில் முடக்கப்பட்டு மும்பையில் நின்றது. 2016-ல் ஏலத்துக்கு வந்தபோது அடிப்படை விலை 152 கோடி ரூபாய். கேட்டு வந்த தொகை 1.09 கோடி. கடைசியில் 2018-ல் 34.8 கோடிக்கு ஒரு அமெரிக்க நிறுவனம் எடுத்தது. அடிமாட்டு விலை என்பார்கள். பறக்காமல் ஆண்டுக்கணக்கில் நின்ற விமானத்துக்கு அது நியாயமான விலைதான் என்பேன்.

பயணிகள் விமானத்தின் தனியார் சொகுசு வடிவங்களான ஏர்பஸ் ஏசிஜே319 (மல்லையாவுடைய ரகம்) அல்லது போயிங் பிபிஜேயைப் பழையதாக விற்பவர்கள் முதலில் நீட்டுவது பறந்த நேரத்தை. "15 வருஷத்தில் 4,500 மணி நேரம்தான் சார்!" ஏர்லைனில் ஓடும் விமானம் அதை ஒன்றரை ஆண்டில் பறந்துவிடும். ஆனால் இந்த ரகத்தில் செலவைத் தீர்மானிப்பது மணி அல்ல, காலண்டர். பறந்தாலும் நின்றாலும் லேண்டிங் கியரை, அதாவது சக்கர அமைப்பை, 10 ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். 12 ஆண்டு கட்டமைப்புச் சோதனை அதைவிடக் கொடுமை. உடலின் உட்புறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கேபினை உரிக்க வேண்டும். ஏர்லைனில் இருக்கையும் பேனலும் சட்டென்று கழன்றுவிடும். இங்கே மரவேலை, பளிங்கு, தோல், ஷவர். எல்லாவற்றையும் கீறாமல் எடுத்துத் திரும்பப் பொருத்த மாதக்கணக்கில் ஆகும். எனவே அந்தச் சோதனை இப்போதுதான் முடிந்த விமானத்தைத் தேடுங்கள்; இல்லையா, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வாங்குமுன் சோதனையை விற்பவர் வழக்கமாகப் பராமரிக்கும் பட்டறையில் செய்யாதீர்கள். இரண்டு என்ஜினுக்கும் ஏபியுவுக்கும் (தரையில் மின்சாரம் தரும் சிறு துணை என்ஜின்) உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப் சோதனை, பிறகு முழு விசையில் ஓட்டிப் பார்த்தல். சமையலறை, கழிவறை, ஷவருக்குக் கீழேயுள்ள தரை உத்தரங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கசிந்து அரிப்பு தொடங்கும் இடம் அதுதான். பிபிஜேயில் சரக்கு அறைக்குள் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் 9 வரை இருக்கும். அதிகம் பறக்காத விமானத்தில் சீல்கள் காய்ந்து கசியும், தொட்டியில் நுண்ணுயிர் வளரும்.

காகிதம் இல்லையென்றால் என்ஜினே இல்லை. என்ஜினுக்குள் சுழலும் தட்டுகளான டிஸ்க்குகளை இத்தனை முறை பறந்ததும் மாற்றியாக வேண்டும்; இந்தச் சுழற்சி வரம்புள்ள ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தயாரித்த நாளிலிருந்து தொடர்ச்சியான பதிவு வேண்டும். நடுவே ஒரு உரிமையாளரின் பதிவு காணாமல் போயிருந்தால், பாகம் பளபளவென்று இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

அடுத்தது கேபின் சான்று. சொந்த உபயோக விமானங்களுக்காக அமெரிக்காவில் 2009-ல் எஸ்எஃப்ஏஆர் 109 என்ற விதி வந்தது. தீப்பாதுகாப்பு உள்ளிட்ட சில உள்ளமைப்பு நிபந்தனைகளில் சலுகை கொடுக்கும். பதிலுக்கு, அந்த விமானத்தை வாடகைக்கு ஓட்டக்கூடாது. சார்ட்டர் விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டு வாங்கியவருக்கு இந்த ஒரு வரி போதும், கணக்கு கவிழ. கேபின் எந்த விதியின் கீழ் சான்று பெற்றது என்பதை முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். சோபா துணி மாற்றியிருந்தால் அதன் எரிதல் சோதனைச் சான்றும் சேர்த்து.

எங்கே இறங்கும் என்பதையும் பாருங்கள். நியூயார்க் செல்வந்தர்கள் பயன்படுத்தும் டெட்டர்போரோ விமான நிலையத்தில் எடை வரம்பு 1,00,000 பவுண்டு. பிபிஜேயின் அதிகபட்ச எடை 1,71,000. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 என்ற பிசினஸ் ஜெட் 99,600 பவுண்டில் நிற்பது சும்மா இல்லை! பிபிஜேயின் வால் 12.5 மீட்டர் உயரம். சாதாரண பிசினஸ் ஜெட் ஹேங்கர் கதவுக்குள் நுழையாது. திறந்த வெளியில், அதுவும் கடலோரத்தில் நிறுத்தினால் மேலே சொன்ன அரிப்புக்கு நீங்களே வழி செய்கிறீர்கள்.

பணம் நேராக விற்பவர் கைக்குப் போகக்கூடாது, ஒப்பந்தம் நிறைவேறும்வரை பணத்தை நடுவர் ஒருவர் வைத்திருக்கும் எஸ்க்ரோ வழியாகத்தான். விமானங்கள் மீதான கடன் உரிமைகளைப் பதியும், கேப் டவுன் ஒப்பந்தத்தின் சர்வதேசப் பதிவேட்டில் விமான உடலையும் இரண்டு என்ஜின்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். உடல் மேல் கடன் இல்லாமல் ஒரு என்ஜின் மேல் மட்டும் வங்கிக்கு உரிமை இருக்க இடமுண்டு.