ஒரு நாட்டின் குளிர் உலகத்தின் கணக்கு ஆகாது

‘2024 ஜனவரியில் ஸ்வீடன் உறைந்தது, ஆகவே புவி வெப்பமாதல் வெறும் கட்டுக்கதை’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி உண்மைதான். அந்த ஜனவரி 3-ஆம் தேதி வடக்கு ஸ்வீடனில் வெப்பநிலை மைனஸ் 43.6 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. கால் நூற்றாண்டில் அந்நாடு காணாத ஜனவரிக் குளிர் அது.

ஆனால் அதே மாதக் கடைசியில், அதே கண்டத்தின் ஸ்பெயினில் வலென்சியா பகுதியில் ஏறக்குறைய 30 டிகிரி வெயில் அடித்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உலகம் முழுவதற்குமான சராசரியைப் பார்த்தால், அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான ஜனவரி 2024-தான்.

குளிர் புதிதாக உற்பத்தியாவதில்லை. துருவத்தின் குளிர்காற்றை எல்லை கட்டி வைத்திருக்கும் மேல்வளிமண்டல மேற்குக் காற்றோட்டம் வளைந்து நெளியும்போது, ஓரிடத்தில் குளிர்காற்று தெற்கே சரிகிறது. வேறோர் இடத்தில் வெப்பக் காற்று வடக்கே ஏறுகிறது. நீங்கள் சரிந்த பக்கத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று: உங்களுக்குப் பதில் சொன்ன ஒருவர், இந்தக் குளிரே வெப்பமாதலின் விளைவு என்று அடித்துச் சொல்கிறார். அதுவும் அவசரம். ஆர்க்டிக் சூடாவது இந்தக் காற்றோட்டத்தை எந்த அளவு மாற்றுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கடுங்குளிர் நாட்கள் உலகளவில் குறைந்துவருகின்றன என்பதில் அத்தகைய வேறுபாடு இல்லை. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். பலர் அதை நம்பிப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.